இணைப்புப் பயிற்சி

இணைப்புப் பயிற்சி என்பது பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு, முதலாண்டின் தொடக்கத்தில் அளிக்கப்படும் குறுகிய காலப் பயிற்சி ஆகும். கல்லூரிகளில் இது பிரிட்ஜ் கோர்ஸ் என்றே பரவலாக அழைக்கப்படுகிறது. பள்ளியில் பாடங்களை விரைந்து கடந்து உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் இது தேவைப்படுகிறது.

வரலாறு

தமிழ்நாட்டில் முன்னர் 11 ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு பயின்ற பின்னரே பட்டப்படிப்பில் சேர முடிந்தது. கல்லூரிச் சூழலுக்கும் விரிவுரைகளுக்கும் பழகும் ஆண்டாகவும் அது அமைந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது அந்த இடைநிலை ஆண்டு இல்லாமற் போயிற்று.

விரைவுக் கற்பித்தல்

12ஆம் வகுப்பு மதிப்பெண்ணைக் கருதி, பல பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடங்களை மேலோட்டமாக முடித்து அடுத்த ஆண்டுப் பாடங்களை முன்கூட்டியே தொடங்கின. இதைத் தடுக்க 2017-18 கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து இத்தேர்வு கைவிடப்பட்டது.

திசையன், வகையிடல், இயக்கவியல் ஆகியவை 11ஆம் வகுப்பில் இடம்பெறுவன. பொறியியல், இயற்பியல் பட்டப்படிப்புகளின் முதற்பருவப் பாடங்கள் இவற்றின் மீதே எழுப்பப்படுகின்றன. எனவே 12ஆம் வகுப்பில் சிறந்து விளங்கியவரும் முதற்பருவத்தில் தோல்வியுறக்கூடும். படிக்காமல் விடப்பட்ட பாடமே காரணமாயிருக்க, தம் திறனையே ஐயுற்று அவர் படிப்பைக் கைவிடவும் நேரலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டத்தின்கீழ் உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடங்கள் பயிலலாம். இத்தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றோருக்குப் பல கல்லூரிகள் தொடக்கநிலைப் பாடங்களில் விலக்கு அளிக்கின்றன. விலக்கை ஏற்பதா, அப்பாடத்தை மீண்டும் பயில்வதா என்பதில் அங்கும் வழிகாட்டல் தேவைப்படுகிறது.

உதவி முறைகள்

* மதிப்பெண் கணக்கில் சேராத தொடக்கச் சோதனை வழியே விடுபட்ட பாடங்களைக் கண்டறிதல்.
* அப்பாடங்களை மட்டும் மீண்டும் கற்பித்தல்.
* திசையன் என்று கற்றவருக்கு அதுவே வெக்டர் என்பதுபோலக் கலைச்சொற்களை இணைத்துக் காட்டல்.
* பேராசிரியர், மூத்த மாணவர் ஆகியோரின் தொடர் வழிகாட்டல்.

அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தீக்சாரம்ப் வழிகாட்டி 2019இல் வெளியானது.

திருவாரூரில்

காவிரிக் கழிமுகப் பகுதியிலுள்ள திருவாரூரில் இத்தேவை இருவகையாக எழுகிறது. 2009இல் நிறுவப்பட்டு நீலக்குடியில் இயங்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில், பல மாநிலப் பாடத்திட்டங்களில் பயின்றோர் பொது நுழைவுத்தேர்வு வழியே ஒரே வகுப்பில் சேர்கின்றனர். அங்கு ஒவ்வொருவருக்கும் விடுபட்ட பாடம் வேறுபடும். திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் சேரும் தமிழ்வழி மாணவருக்கோ பாடம் தெரிந்திருந்தும் ஆங்கிலக் கலைச்சொல் தடையாகலாம். இவ்விரு தேவைகளையும் பிரித்தறிந்து உதவுவது இணைப்புப் பயிற்சியின் முதற்பணியாகும்.