ஒரே சுரத்தில் நின்ற குரல்

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டு விழாவுக்காகச் சேர்ந்திசைப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாட்டு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே சுரத்திலேயே நின்றாள். "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்" என்றேன். தலையாட்டினாள். விழா நன்றாகவே நடந்தது. நான் செய்தது தவறு என்று எனக்குப் புரியவைத்தது, பின்னாளில் கேட்ட ஒரு சேர்ந்திசைப் படைப்பு: அர்வோ பேர்ட் 1989-இல் எழுதிய 'மாக்னிஃபிகாட்'.

பேர்ட் 1935-இல் எஸ்தோனியாவில் பிறந்தவர். 1968-இல் அவர் எழுதிய 'கிரெடோ' என்ற சமயப் படைப்பு சோவியத் ஆட்சியாளர்களின் அதிருப்திக்கு ஆளானது. அடுத்த எட்டு ஆண்டுகள் அவர் மிகக் குறைவாகவே எழுதினார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலய இசையை ஆழ்ந்து கற்றார். குறிப்பாக, கிரிகோரியன் பாடல்கள். அவற்றுக்குப் பக்கவாத்தியம் இல்லை, தாளக்கட்டு இல்லை. எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். சொல்லின் ஓட்டமே இசையின் ஓட்டம்.

இந்தப் பயிற்சியிலிருந்து 1976-இல் ஒரு புதிய முறை பிறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'டின்டினாபுலி'. சிறு மணிகளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. முறை எளியது. ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும். இன்னொரு குரல் மூன்றே சுரங்களில் மட்டும் நிற்கும்.

நம் சுரங்களில் சொல்லிப் பார்ப்போம். நடபைரவியின் சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குரல் ச, ரி, க, ம, ப என்று ஏறட்டும். இரண்டாம் குரலுக்கு ச, க, ப மூன்று மட்டுமே. முதல் குரலுக்கு மேலே மிக அருகில் உள்ளதை அது பாட வேண்டும். அப்படியானால் அதற்குக் கிடைப்பவை: க, க, ப, ப, மேல் ச. முதல் குரல் ரி பாடும்போது இரண்டாவது க-வில் நிற்கும். இரண்டும் லேசாக உரசும். அடுத்த அடியில் இணக்கமாகிவிடும். இந்த உரசலும் இணக்கமும் மாறி மாறி வருவதால்தான் மணியோசை போன்ற அதிர்வு கேட்கிறது.

'மாக்னிஃபிகாட்' ஏறத்தாழ ஏழு நிமிடம், வாத்தியம் கிடையாது. லூக்கா நற்செய்தியில் மரியாள் பாடும் புகழ்ப்பாடலே அதன் பாடம். எளியோர் உயர்த்தப்படுவதைச் சொல்லும் பாடல் அது. அதில் ஒரு சோப்ரானோ குரல் பெரும்பாலும் ஒரே சுரத்தில் நின்று பாடுகிறது. மற்றக் குரல்கள் அதைச் சுற்றியே நகர்கின்றன. அந்தக் குரலை எடுத்துவிட்டால் படைப்புக்கு மையமே இருக்காது.

அதைக் கேட்டபோது அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவளிடம் இருந்தது குறை அல்ல. அதற்கு ஏற்ற இடத்தை நான் அமைக்கவில்லை.

இப்போது வகுப்பை மூன்று குழுவாகப் பிரிக்கிறேன். ஒரு குழு சுரங்களில் ஏறி இறங்கும். ஒரு குழு மேற்சொன்ன விதிப்படி மூன்று சுரங்களைப் பாடும். சுரம் மாற்றத் தடுமாறும் பிள்ளைகள் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார்கள். மெதுவாகத் தொடங்குங்கள், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மூச்சு கொடுங்கள். யாரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு அதன்பின் வரவில்லை.