இந்தியானா அணியும் புதிய பயிற்சியாளரும்: 2024 கால்பந்துப் பருவம்

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்குப் பேர்போனது. அதன் கால்பந்து அணியோ 2023 வரை தோல்விக்குப் பழகிப்போயிருந்தது. இங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் அமெரிக்கக் கால்பந்து. 2021 முதல் 2023 வரை ஆடிய 36 ஆட்டங்களில் இந்த அணி வென்றவை 9 மட்டுமே. அதுவரையிலான 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் ஒரே பருவத்தில் 10 வெற்றி பெற்றதே இல்லை. 2023 பருவம் 3 வெற்றி, 9 தோல்வியோடு முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் டாம் ஆலன் நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு கர்ட் சிக்னெட்டி வந்தார்.

சிக்னெட்டிக்கு அப்போது வயது 62. பெரிய அணி எதற்கும் அவர் அதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் 2007 முதல் 2010 வரை உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அந்த அணி 2009இல் தேசியப் பட்டம் வென்றது. அங்கேயே இருந்திருந்தால் பணமும் பெயரும் கூடியிருக்கும். ஆனாலும் அவர் குறைந்த சம்பளத்துக்கு, இரண்டாம் பிரிவில் ஆடும் பென்சில்வேனியா கல்லூரி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவருடைய தந்தை ஃபிராங்க் பல ஆண்டுகள் பயிற்சியளித்த இடம் அது. பிறகு ஈலான் பல்கலைக்கழகம், அதன்பின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். கடைசி இடத்தில் 52 வெற்றி, 9 தோல்வி. எங்குமே ஒரு பருவத்திலும் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சியதில்லை.

இந்தியானாவில் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள விதிமாற்றம் ஒன்றை அறிய வேண்டும். முன்பெல்லாம் கல்லூரி மாறும் கால்பந்து வீரர் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. வீரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு விளம்பர வருமானம் பெறவும் அதே ஆண்டில் வழி பிறந்தது. அதற்கு முன் புதிய பயிற்சியாளர் பள்ளிச் சிறுவர்களைத் தேடிச் சேர்த்து, வளர்த்து, பலன் காண நாலைந்து ஆண்டு ஆகும். சிக்னெட்டி அவ்வளவு காத்திருக்கவில்லை. ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு டஜனுக்கு மேற்பட்ட வீரர்களும், தாக்குதல், தற்காப்பு ஆகிய இரண்டுக்கும் பொறுப்பான பயிற்சியாளர்களும் அவரோடு வந்தார்கள். தற்காப்பில் மிக்கேல் கமாரா, எய்டன் ஃபிஷர், டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ்; பந்தைப் பிடிக்க எலைஜா சாரட். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகக் கனடாவில் பிறந்த கர்ட்டிஸ் ரோர்க், ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து சேர்ந்தார். பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத வீரர்கள் இவர்களில் பலர். ஒருவரையொருவர் அறிந்த, ஒரே முறையில் பழகிய கூட்டம் அப்படியே இடம் பெயர்ந்ததுதான் வெற்றியின் அடிப்படை.

பருவத்துக்கு முன் செய்தியாளர்கள் 18 அணிகள் கொண்ட பிக் டென் லீகில் இந்தியானாவுக்கு 17ஆம் இடம் கணித்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் வெற்றிகள் குவிந்தன. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போய் யுசிஎல்ஏவை 42–13 என வென்றார்கள். அக்டோபரில் நெப்ராஸ்காவை 56–7 என நொறுக்கினார்கள். அந்த ஆட்டத்தில் ரோர்க்கின் கட்டைவிரலில் அடிபட்டது. அடுத்த வாரம் மாற்று வீரர் டேவன் ஜாக்சன் ஆடி, வாஷிங்டனை 31–17 என வீழ்த்தினார். ஒருவரை மட்டும் நம்பி நின்ற அணி அல்ல என்பது அன்று தெரிந்தது. முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியன் மிச்சிகனை 20–15 என்று தாண்டியபோது எண்ணிக்கை 10–0 ஆனது. இந்தியானா தன் வரலாற்றில் ஒரே பருவத்தில் முதன்முறையாகக் கண்ட 10 வெற்றி அது.

நவம்பர் 23இல் ஒஹையோ ஸ்டேட் 38–15 என அந்த வெற்றித் தொடரை முறித்தது. அடுத்த வாரமே பக்கத்துப் போட்டியாளரான பர்டியூவை 66–0 என்று வென்று, 11–1 என்ற கணக்கோடு இந்தியானா வழக்கமான பருவத்தை முடித்தது. அந்த ஆண்டுதான் தேசியப் பட்டப் போட்டி 12 அணிகளுக்கு விரிந்தது. அதன் முதல் ஆட்டத்தில், டிசம்பர் 20 அன்று, நோட்ர டேமிடம் இந்தியானா 27–17 எனத் தோற்றது. முழங்காலில் தசைநார் கிழிந்த நிலையிலேயே ரோர்க் அந்தப் பருவத்தில் ஆடினார் என்பது பின்னால்தான் வெளியே தெரிந்தது. அப்படியும் அவர் எறிந்த டச்டவுன்கள், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்த எறிதல்கள், 29.

இந்தியானா எளிய எதிரணிகளை வென்றே பட்டப் போட்டிக்கு வந்தது என்று பலர் குறை சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. எதிர்கொண்ட அணிகளில் பல வலுவற்றவைதான். ஆனால் இந்தியானாவை வீழ்த்திய அணிகள் இரண்டே. 2025 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் மோதியவையும் அதே ஒஹையோ ஸ்டேட்டும் நோட்ர டேமும்தான். ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கான அசோசியேட்டட் பிரஸ் விருது சிக்னெட்டிக்குக் கிடைத்தது.