ஓட்டைப் பாத்திரமே உத்தமம்

கைப்பிடி உடைந்த குக்கர், அடி தேய்ந்த அலுமினியக் குண்டான், விளிம்பு விண்ட ஊறுகாய் ஜாடி. எடைக்குப் போட மனம் வராமல் பரணில் கிடக்கும் இவற்றை மாடிக்குக் கொண்டுபோய்ச் செடி வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் சில வாரங்களில் இலை மஞ்சளாகித் தண்டு அழுகினால், ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கைராசியில் குறையில்லை. அடியில் தேங்கிய தண்ணீர்தான் பெரும்பாலும் செடியைக் கொல்கிறது.

சமையல் பாத்திரம் ஒழுகக் கூடாது. செடி வைத்த பாத்திரம் ஒழுகியே ஆக வேண்டும். வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றில்தான் அதற்கு ஆக்சிஜன். அந்த இடமெல்லாம் நீர் நிறைந்தால் வேர் திணறும். அழுகல் நோய் புகுந்துவிடும்.

துளை போடச் சோம்பி, அடியில் ஜல்லி பரப்பிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அதனால் கெடுதல்தான் கூடும். மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும். ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆகவே மேலிருக்கும் மண் ஊறி நிரம்பும்வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. தேக்கம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்கவையுங்கள். சொட்டுவது நின்றதும் நீளவாக்கில் நிமிர்த்துங்கள்; மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான். ஒரே மண் என்றால், அடியில் தேங்கும் ஈரப் பட்டையின் உயரம் எந்தப் பாத்திரத்திலும் ஏறக்குறைய ஒன்றே. தாம்பாளத்தில் பெரும்பகுதி சேறாகிவிடும். உயரமான தூக்குவாளியில் மேல்மண் காற்றோட்டமாக இருக்கும். கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும். தக்காளிக்கு 30 செ.மீ. வேண்டும்.

அலுமினியத்தைத் துளைக்க ஆணியும் சுத்தியலும் போதும். எவர்சில்வருக்கு டிரில் தேவை. வேகத்தைக் குறைத்து, துளையிடும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். மண்சட்டியை இரவு முழுக்க ஊறவைத்துத் துளையிட்டால் விரிசல் விடுவது குறையும். துளைமேல் ஒரு கொசுவலைத் துண்டு, பாத்திரத்தின் கீழே முட்டுக்கொடுக்கச் செங்கல் துண்டுகள். அவ்வளவுதான்.

அடுத்தது வெயில். மண்சட்டியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாகி, வெப்பத்தையும் கொண்டுபோகிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். உலோகத்துக்கு அந்த வழியில்லை. அலுமினியம் சுட்ட மண்ணைவிட 200 மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். சித்திரை வெயிலில் ஓரத்து வேர்நுனிகள் வெந்துபோகும். சணல் சாக்கைச் சுற்றி நனைத்துவிட்டால் பிழைக்கும்.

இரும்பு வாணலி துருப்பிடித்தால் செடிக்குக் கெடுதல் இல்லை. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஓர் ஆக்சைடு படலம் இருப்பதால், அமிலம் மிகுந்த மண்ணில் மட்டும்தான் கவலை. செம்பு வேறு மாதிரி: வேர் சுருண்டு வளராமல் தடுக்க நாற்றுப்பண்ணைகளில் தொட்டியின் உட்புறம் செம்புச் சேர்மம் பூசுவதுண்டு, அதைத் தொட்ட வேர்நுனி வளர்ச்சியை நிறுத்திவிடும். செம்பு கலந்த பித்தளை அண்டாவைத் துளைப்பதில் எனக்குச் சம்மதமும் இல்லை. செடியிருக்கும் சிறு தொட்டியை அதற்குள் இறக்கிவைத்தால் அழகும் கெடாது.

ரசம் வைத்த பழைய ஈயச் சொம்பில் கீரை விதைக்கவே வேண்டாம். வெள்ளீயத்தோடு காரீயம் கலந்து செய்தவையும் புழக்கத்தில் இருந்தன. காரீயம் இலையிலும் கிழங்கிலும் சேரக்கூடிய நஞ்சு. அதில் மணி பிளான்ட் வளரட்டும்.

கடைசியாக, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைத் தேடித்தான் வரும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். காய்ந்த விளிம்பில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். செடிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, விளிம்பை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.