புகைக் கடன்

2024-ஆம் வருஷம் நவம்பர் 24-ஆம் தேதி, அஜர்பைஜான் தேசத்துப் பாகு நகரில் உலக நாடுகளின் பருவநிலை மகாநாடு முடிவுற்றது. ஆறு நாட்கள் கழித்து, 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிற்று. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டிற்று, வீதிகள் ஆறாயின. இவ்விரண்டு சம்பவங்களையும் சேர்த்து நோக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம்.

ஒரு தனிப் புயலைக் காட்டி, இஃது இன்ன தேசத்தின் புகையால் விளைந்தது என்று சாதிப்பதற்கில்லை. வங்கக் கடலுக்குப் புயல் புதிதுமன்று. ஆனால் வெப்பம் ஏற ஏறக் காற்று அதிக நீராவியைத் தாங்குகிறது. பெருமழை மேலும் உக்கிரமடைகிறது. அவ்வெப்பத்திற்கு முதற்காரணமான கரியமிலவாயு நூற்றாண்டுக் கணக்கில் ஆகாயத்தில் தங்குவது. ஆதலால் இவ்வருஷத்துப் புகையை மட்டும் எண்ணுவோர், பழைய பாக்கியை மறைத்துப் பேரேடு எழுதுகிறவர்களே ஆவர்.

அந்தப் பாக்கி எவ்வளவு? 1850 முதல் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்ந்த கரியமிலவாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. உலக ஜனங்களில் ஆறில் ஒரு பங்கினரான நமது பங்கோ நூற்றில் நாலுக்கும் குறைவு. நம் ஊரை ஆண்ட பிரான்ஸின் பங்கு நூற்றில் இரண்டு. அதன் ஜனத்தொகையோ நம்முடையதில் இருபதில் ஒரு பங்குதான். அதன் ஆட்சி 1954-ல் இவ்வூரை விட்டு நீங்கிற்று; இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

பொறுப்பு யாவர்க்கும் உண்டு, ஆயினும் சமமன்று என்று 1992-ல் ரியோவில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. 2020-க்குள் வருஷந்தோறும் 10,000 கோடி டாலர் திரட்டுவதாகச் செல்வ நாடுகள் 2009-ல் அளித்த வாக்கு, 2022-ல்தான் நிறைவேறிற்று. பாகுவில் ஏழை நாடுகள் கேட்டது 1,30,000 கோடி. செல்வ நாடுகள் முன்னின்று திரட்ட இசைந்தது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. அதிலும் கடனாக வருவது அடங்கும். கடன்பட்டவனே வட்டிக்குக் கடன் கொடுக்க வருவது எந்த ஊர் நியாயம்? பாரதப் பிரதிநிதி அச்சபையிலேயே ஆட்சேபித்தது முற்றிலும் தகும்.

நம் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். நம் மணற்கரை தேய்ந்ததற்கு, 1980-களில் நாமே எழுப்பிய துறைமுகக் கற்சுவர்கள் பெருங்காரணம். இன்று வருஷாந்தரப் புகையில் பாரதம் உலகில் மூன்றாவது இடத்தில் நிற்கிறது. வைத்திக்குப்பத்து மீனவரின் வறுமையைக் கேடயமாக்கி நம் தனவந்தர் ஒளிந்துகொள்வதும் அநீதியே.

நம் வீட்டைத் திருத்துவது நம் கடமை. பழைய பாக்கியைக் கேட்பது நம் உரிமை. நாம் கையேந்தவில்லை, கணக்குக் கேட்கிறோம்.