கைத்தொலைபேசி யாரிடம் முகவரி கேட்கிறது?

இடம்பெயர்ந்தோரின் பெயர் மாறுவதில்லை; முகவரியே மாறுகிறது. அதைக் கிராம அலுவலரின் பதிவேட்டில் தேடுகிறோம். இணையத்தில் அத்தகைய பதிவேடுதான் 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ்.

வீட்டு வைஃபையில் 'பை-ஹோல்' நிறுவிய சிறு கணினியொன்றை வைத்தால், விளம்பரத் தளங்களின் முகவரியைக் கொடுக்க அது மறுத்துவிடும். டேற்றாக் காசு ஓரளவு மிஞ்சும். ஆயினும் சில தொலைபேசிகள் வெளியாரிடமே கேட்கும். அன்ட்ரொயிட் 9 (2018) முதல் வந்த 'தனிப்பட்ட டி.என்.எஸ்'இல் வெளி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால் அதுவே காரணம். முதலில் அதை நிறுத்துவோம்.

பின்னர் வைஃபை அமைப்பில் ஐ.பி.யை 'ஸ்ரற்றிக்' ஆக்கி, தொலைபேசிக்கு வேறு கருவி பாவிக்காத எண்ணொன்றைக் கொடுத்து, டி.என்.எஸ் 1, 2 இரண்டிலும் சிறு கணினியின் முகவரியையே (192.168.1.10 போன்றது) எழுதவேண்டும். இரண்டாவதில் வெளி முகவரி இட்டால் தொலைபேசி அங்கும் போய்க் கேட்கும். பலர் தவறுவது இங்கேதான். சிறு கணினி நின்றால் தளம் எதுவும் திறக்காது. பிள்ளைகள் அதன் செருகியைக் கழற்றாத இடமாகப் பார்த்து வைப்போம்.