உங்களுக்குத் தெரியுமா? – ராயபுரம் பாட்டுப் பாடிய பரவைப் பாட்டி

● ராயபுரத்தின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்த ‘ராயபுரம் பீட்டர்’ பாட்டில் கணீரென்று ஒலிக்கும் பெண் குரல், மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டி ஒருவருடையது. 2014 ஏப்ரலில் வெளியான ‘மான் கராத்தே’ படத்துக்காக, அனிருத் இசையில், சிவகார்த்திகேயனோடு சேர்ந்து பாடியவர் பரவை முனியம்மா. அதே படத்தில் இன்னொரு பாட்டைப் பாடியவர் தேவா. சென்னைக் கானாவைச் சினிமாவில் பரப்பியவரும் வைகைக் கரை நாட்டுப்புறப் பாட்டுக்காரரும் ஒரே படத்தில்! வடசென்னைக்காரர்கள் முனியம்மாவைத் தங்கள் வீட்டுப் பாட்டியாகவே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

● ராயபுரம் என்பதே பீட்டரின் ஊர்தான். இயேசுவின் சீடரான பீட்டரைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘இராயப்பர்’ என்பார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மசூலாப் படகு ஓட்டிய சமூகத்தார், 19-ஆம் நூற்றாண்டில் அவருக்குக் கட்டிய கோயில் இன்றும் ராயபுரத்தில் இருக்கிறது.

● ‘பரவை’ குடும்பப் பெயரல்ல, பட்டமும் அல்ல. மதுரைக்கு வடமேற்கே, சமயநல்லூர்ப் பக்கம் உள்ள ஊர். அந்த ஊர்ப் பெண் கோயில் கொடைகளிலும் ஊர் மேடைகளிலும் பல்லாண்டுகள் பாடித் தொண்டையைத் தீட்டிக்கொண்ட பிறகுதான் சினிமா அவரைத் தேடிப் போனது. 2003-இல் தரணி இயக்கிய ‘தூள்’ படத்தில், வித்யாசாகர் இசையில் மதுரவீரன் பாட்டைப் பாடியபோது அவர் பாட்டி வயதை எட்டியிருந்தார். கதாநாயகன் அடித்து நொறுக்க, ஓரமாக நின்று ஒரு பாட்டி பாடுகிறார். சண்டைக்காட்சிக்குப் பின்னணி இசை என்பதைத் தாண்டி, சண்டைக்கே அவர் குரல்தான் உயிர். 2010-இல் ‘தமிழ்ப் படம்’ எடுத்தவர்கள், பழைய படங்களைக் கிண்டல் செய்யும் அந்தக் கதையில் நாயகனுக்குப் பாட்டியாக அவரையே கூப்பிட்டார்கள். ஏழு ஆண்டுகளுக்குள் தமிழ் சினிமாவில் ‘பாட்டி’ என்றால் முனியம்மா என்று ஆகிவிட்டிருந்தது.

● ‘தூள்’ படத்தின் கதை நினைவிருக்கிறதா? ரசாயனத் தொழிற்சாலைக் கழிவு ஊர்த் தண்ணீரைக் கெடுக்கிறது. அதை மேலிடத்தில் சொல்ல ஊர்க்காரர்கள் சென்னைக்கு வருகிறார்கள். வருகிறவர்களில் இந்தப் பாட்டியும் உண்டு. எண்ணூரிலும் மணலியிலும் வாழ்கிறவர்களுக்கு இது சினிமாக் கதையாகத் தெரியாது. 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. அதை எழுதியவர் கபேர் வாசுகி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் வந்து அந்தக் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா வாயு கசிந்து, எண்ணூர்ப் பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முனியம்மாவின் பாட்டை இந்தக் கரையில் கேட்கும்போது அது வெறும் சண்டைப் பாட்டாக இல்லை. முறையிடப் போனவர்களின் பாட்டாகவே கேட்கிறது.

● முனியம்மா இறந்தது 2020 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. நாடு தழுவிய ஊரடங்கின் ஐந்தாம் நாள். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அப்போதைய மத்திய அரசின் உத்தரவு. சாதாரண நாளாக இருந்திருந்தால் மதுரையே திரண்டிருக்கும், சென்னையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். பெரும்பாலோரால் போக முடியவில்லை. ரசிகர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி அவர் பாட்டைப் போட்டுக் கேட்டதும், அதையே கைப்பேசியில் ‘ஸ்டேட்டஸ்’ வைத்ததும்தான் அன்றைய அஞ்சலி. ஊர் ஊராகப் போய்ப் பாடிய ஒரு குரலுக்கு, ஊர் கூடாத வழியனுப்பல் கிடைத்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

● வடசென்னையில் சாவு வீட்டுக்குப் பாடகர்களை அழைப்பது மரியாதை. அதற்குப் பெயர் ‘மரண கானா’. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெருவை மறித்து சாமியானா. அதற்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் ஐஸ் பெட்டி, அதன் கண்ணாடி மேல் ரோஜா மாலைகள். சுவரில் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரின் பசை இன்னும் காய்ந்திருக்காது. பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுது ஓய்ந்த நேரத்தில், ராத்திரி பாடகர்கள் வந்து அமர்வார்கள். டோலக் இருந்தால் டோலக். இல்லையென்றால் மேசையும் தகரமும் போதும். முதலில் சாமி பாட்டு. பிறகு இறந்தவரின் கதை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரா, காசிமேட்டிலிருந்து மீன் கூடை சுமந்து வீதி வீதியாக விற்றவரா, எத்தனை பிள்ளை பெற்றார், எந்தப் பிள்ளையைக் கரையேற்ற என்ன பாடுபட்டார் என்றெல்லாம் வீட்டுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கேயே பாட்டில் கோப்பார்கள். பெயர் பாட்டில் வரும் இடத்தில் மறுபடியும் அழுகை வெடிக்கும். நடுச்சாமத்தில் டீ வரும். விடிகிற வரை பாட்டு நிற்காது. பதினாறாம் நாள் காரியத்துக்கும் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கும் மறுபடி கூப்பிடுகிறவர்கள் உண்டு.

செய்தித்தாளில் இரங்கல் கட்டுரை வர வாய்ப்பில்லாத ஒரு கூலித் தொழிலாளிக்கு, ஒரு இரவு முழுக்க நீளும் வாழ்க்கை வரலாறு இது. தமிழகத்தில் இதைவிட நேர்மையான அஞ்சலி வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2020 மே மாதம் சென்னையில் கொரோனா தொற்று மிக அதிகமாக இருந்த மண்டலம் ராயபுரம். அந்த மாதங்களில் எத்தனை சாவு வீடுகள் பாட்டில்லாமல் கிடந்திருக்கும்!

● சாவைப் பாடும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. தாய் இறந்தபோது சிதைக்கு முன் நின்று பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூரில் கடலோரம் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வந்தர், எல்லாவற்றையும் துறந்து கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது என்பது மரபு. ஆடி உத்திராடத்தில் அங்கே குருபூசை. பெற்றவளுக்காக ஒரு மகன் பாடிய அந்தப் பாடல்கள் இன்றும் தமிழ்நாட்டுச் சாவு வீடுகளில் ஓதப்படுகின்றன.

● ஒப்பாரி பெண்களுடையது, கானா ஆண்களுடையது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கோட்டை அழித்தவர்களில் முதல் பெயர் ராயபுரத்துப் பெண் இசைவாணி. பா.ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசையமைப்பில் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியபோது, அதில் கானா பாடிய பெண் அவர். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு அது. 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். முனியம்மா மறைந்த அதே ஆண்டு.

● முனியம்மாவுக்கு முன்னாலேயே சினிமாவுக்கு வந்த பாட்டி, சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி. வானொலியில் பாடிக்கொண்டிருந்தவரை 1985-இல் பாண்டியராஜன் ‘ஆண் பாவம்’ படத்தில் நடிக்கவும் பாடவும் வைத்தார். இசை இளையராஜா. 1993-இல் கலைமாமணி விருது. 2025 ஜூனில், 99 வயதில் காலமானார். அன்று பலரும் பகிர்ந்தது நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்தப் படக் காட்சிகளைத்தான். ஒரு நூற்றாண்டுக்கு ஓராண்டு குறைவாக வாழ்ந்த பாடகியை நினைக்க, நம் கையில் இருந்தது சில படங்கள்தான்! நடவுக்கும் தாலாட்டுக்கும் கும்மிக்கும் அவர் பாடியவற்றில் எவ்வளவு பதிவாகியிருக்கும்?

● மணலியிலும் எண்ணூரிலும் ஆலைகளில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர்களிடம் சாரதா சின்ஹா என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். ‘பீகாரின் குயில்’ என்று பெயர் பெற்றவர். வடநாட்டுக் கணக்கில் கார்த்திகை மாதத்தில் வரும் சத் பூசையை அவர் பாட்டு இல்லாமல் பீகாரிகளால் நினைத்துப் பார்க்க முடியாது. 2024 நவம்பர் 5, அந்தப் பண்டிகையின் முதல் நாள். அன்றுதான் அவர் தில்லியில் இறந்தார். பாட்னாவில் கங்கைக் கரையில் அரசு மரியாதையோடு தகனம். ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் சென்னைக் கடலிலேயே சூரியனுக்கு அர்க்கியம் விடுகிறவர்களுக்கும் அவர் பாட்டுதான் துணை. மறைந்தவருக்கு அவர் பாட்டாலேயே ஒரு பண்டிகை முழுதும் அஞ்சலி நடந்தது. ‘மைனே ப்யார் கியா’ இந்திப் படத்தில் பாடியவரும் இவர்தான்.

● ராயபுரம் போலவே இன்னொரு துறைமுகம், ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகளில் உள்ள மின்டெலோ. அங்கே கப்பல்காரர்கள் வந்துபோகும் மதுக்கடைகளில் வெறுங்காலோடு பாடிக்கொண்டிருந்தவர் செசாரியா எவோரா. உலகப் புகழ் வந்தது ஐம்பது வயதையொட்டி. 2011 டிசம்பர் 17-இல் அவர் இறந்ததும் நாடு துக்கம் அனுசரித்தது. அடுத்த ஆண்டே மின்டெலோ இருக்கும் தீவின் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் ஊரில் ஒரு நாட்டுப்புறப் பாடகியின் பெயரில் எத்தனை தெருக்கள் இருக்கின்றன?

● காசிமேட்டிலும் எண்ணூரிலும் துடுப்புப் போடும்போதும் வலை இழுக்கும்போதும் மீனவர்கள் பாடியது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். இன்ஜின் வந்தது, துடுப்பு போனது, பாட்டும் போய்விட்டது. இன்று அதை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

● புகழ் வயிற்றை நிரப்பாது என்பது முனியம்மாவுக்கும் நடந்தது. வயதும் நோயும் பாட்டை நிறுத்த, 2015-இல் அவர் நிலை செய்தியானது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாயை வைப்புத் தொகையாகப் போட்டு, மாதா மாதம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். நடிகர்கள் சிலரும் உதவினார்கள். நல்லதுதான். ஆனால் அவர் முகம் திரையில் தெரிந்ததால் செய்தி வந்தது, செய்தி வந்ததால் உதவி வந்தது. திரையில் தெரியாத முனியம்மாக்களுக்கு யார் செய்தி போடுவது?

● வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. பதிவு செய்துகொண்ட கலைஞர் குடும்பத்துக்குப் படிப்பு, திருமணம், ஈமச் செலவு போன்றவற்றுக்கு உதவி உண்டு. நலிந்த நிலையில் வாழும் முதிய கலைஞர்களுக்கு மாத நிதியுதவித் திட்டம் தனியாக இருக்கிறது. அதைக் கவனிப்பது இயல் இசை நாடக மன்றம். அலுவலகம் ராஜா அண்ணாமலைபுரத்தில். வடசென்னைச் சந்துகளில் ஒப்பாரி பாடும் ஆயாக்களில் பலருக்கு இது எட்டுவதில்லை. படிவம் நிரப்பத் தெரியாது, சான்றிதழ் கேட்டால் யாரிடம் போவது என்று தெரியாது.

உங்கள் தெருவில் அப்படி ஒரு ஆயா இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டோடு அவர் பெயரையும் ஊரையும் யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்தே பதியுங்கள். அப்படியே அந்தப் படிவத்தையும் நீங்களே நிரப்பி, கையோடு கூட்டிப்போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.