பழைய விடையை எப்போது அழிப்பது?

25-இன் வர்க்கம் என்ன என்று கேட்டால் நீங்கள் தாளும் பென்சிலும் தேடுவதில்லை. 625 என்று உடனே சொல்லிவிடுகிறீர்கள். முன்பு கண்ட விடை நினைவில் தங்கியிருப்பதே காரணம். வலைத்தளங்களை நடத்தும் சர்வர் கணிப்பொறிகளும் இந்த உத்தியையே கையாளுகின்றன.

வலைத்தளத்தின் விவரங்கள் தரவுத்தளத்தில் பதிந்திருக்கும். சுழலும் காந்த வட்டில் ஒரு விவரத்தைத் தேடி எடுக்கச் சுமார் நூறில் ஒரு வினாடி ஆகும். மின்னணு நினைவகத்திலிருந்து எடுக்கவோ ஏறத்தாழ கோடியில் ஒரு வினாடி போதும். ஒரு லட்சம் மடங்கு விரைவு! ஆகவே, அடிக்கடி கேட்கப்படும் விடைகளின் நகலை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சேமிப்புக்குக் ‘கேஷ்’ என்று பெயர். 2003-இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ‘மெம்கேஷ்டி’ என்னும் நிரல் இதற்குப் புகழ்பெற்றது.

25-இன் வர்க்கம் என்றும் மாறாது. ஆனால், ஒரு பொருளின் விலை மாறும். தரவுத்தளத்தில் புது விலை ஏறிய பின்பும் கேஷில் பழைய விலையே இருந்தால், வாங்குபவருக்குத் தவறான விடை கிடைக்கும். எனவே, விலை மாறியதும் கேஷில் உள்ள நகலை அழித்துவிடுகிறார்கள். அடுத்துக் கேட்பவருக்காகச் சர்வர் தரவுத்தளத்துக்குச் சென்று புது விலையை எடுத்து வரும். அதன் நகலையும் கேஷில் வைக்கும்.

அப்படியானால், ஐயம் வரும்போதெல்லாம் அழித்துவிடலாமா? கூடாது. 2010 செப்டம்பர் 23 அன்று நடந்ததைப் பாருங்கள். ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவுத்தளத்திலேயே ஓர் அமைப்பு மதிப்பு தவறாக மாற்றப்பட்டுவிட்டது. அதன் கணிப்பொறிகள் யாவும், பிழையைத் திருத்தும் எண்ணத்துடன், சரியான மதிப்பைக் கேட்டு ஒரே நேரத்தில் தரவுத்தளத்தை மொய்த்தன. வினாடிக்குப் பல லட்சம் வினாக்கள்! தரவுத்தளம் திணறியது, விடைக்குப் பதில் பிழைச் செய்தியே வந்தது. அதையும் தவறான மதிப்பு என்று கருதிய கணிப்பொறிகள், கேஷிலிருந்த நகல்களை அழித்தன, மீண்டும் கேட்டன. முதல் தவறு திருத்தப்பட்ட பிறகும் இந்தச் சுழல் நிற்கவில்லை. இறுதியில் தளத்தையே நிறுத்தித்தான் மீட்க முடிந்தது. சுமார் இரண்டரை மணி நேரம் பலரால் அதைப் பயன்படுத்த இயலவில்லை.

இத்தகைய நெரிசலைத் தவிர்க்க வழிகள் உண்டு. ஒரு நகல் அழிந்ததும் ஒரு கணிப்பொறியை மட்டும் தரவுத்தளத்துக்கு அனுப்பி, மற்றவற்றைச் சற்றுக் காத்திருக்கச் செய்யலாம். நகல்களின் ஆயுட்காலத்தைச் சிறிது முன்பின்னாக அமைத்தால், அவை ஒரே நொடியில் காலாவதியாக மாட்டா. தரவுத்தளம் பழுதுற்றிருக்கும் வேளையிலோ, பழைய நகலை அழிக்காமல் வைத்திருப்பதே அறிவுடைமை.